எலக்ட்ரிக் கிட்டாருக்கு மரம் பார்க்கப் போகிறீர்களா? நீலகிரியிலிருந்து ஒரு வழிகாட்டி

கிட்டார் செய்ய மரம் தேடி வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு பெயரோடுதான் வருகிறார்கள். ஆல்டர், ஸ்வாம்ப் ஆஷ், மகோகனி. வெளிநாட்டுக் கிட்டார்களின் விவரப் பட்டியலைப் படித்துப் படித்து மனதில் பதிந்துபோன பெயர்கள். அந்த மரங்கள் அந்தக் கிட்டார்களுக்குள் எப்படி வந்தன என்று தெரிந்தால் இந்த மலைப்பு பாதி குறைந்துவிடும்.

கலிபோர்னியாவில் லியோ ஃபெண்டர் 1950 வாக்கில் டெலிகாஸ்டர் வகையைச் செய்யத் தொடங்கியபோது ஆஷ் மரம் போட்டார். அதற்கு முன் செய்து பார்த்த மாதிரிகளில் பைன்கூட இருந்தது. 1954-இல் வந்த ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கும் ஆஷ்தான். 1956 வாக்கில் ஆல்டருக்கு மாறினார்கள். தாராளமாகக் கிடைத்தது, துளைகள் மிக நுண்ணியவை என்பதால் பெயின்ட் அடிக்கச் சுலபமாக இருந்தது. கிப்சன் நிறுவனம் 1952-இல் லெஸ் பால் மாடலை மகோகனியில் செய்து மேலே மேப்பிள் ஒட்டியது. டான்எலக்ட்ரோ நிறுவனம் மரநாரை அழுத்திச் செய்த மேசனைட் அட்டையில் கிட்டார் செய்து விற்றது. அதற்கு இன்றும் ரசிகர்கள் உண்டு. எல்லாருமே தங்கள் ஊரில் கட்டுப்படியான விலைக்கு வந்த மரத்தை எடுத்துச் செய்தவர்கள்தான். குன்னூரிலோ கோத்தகிரியிலோ கொடைக்கானலிலோ உட்கார்ந்துகொண்டு ஆல்டருக்கு அலைய வேண்டிய அவசியம் இல்லை.

என் கணக்கில் பார்க்க வேண்டிய வரிசை இது: முதலில் ஈரம், அடுத்து எடை, பிறகு திருகைப் பிடிக்கும் பலம், அப்புறம் அழகு. பெயர் கடைசியில் வரட்டும். நீங்களே செய்தாலும் சரி, கோயம்புத்தூரிலோ பெங்களூரிலோ ஒரு கிட்டார் செய்பவரிடம் மரத்தைக் கொடுத்துச் செய்யச் சொன்னாலும் சரி, இந்த வரிசை மாறாது.

முதல் படி: கடைக்குப் போகும் முன் மூன்று கேள்விகள்

என்ன வடிவம்? ஸ்ட்ராட் (ஸ்ட்ராட்டோகாஸ்டர்), டெலி (டெலிகாஸ்டர்) மாதிரி வடிவங்களுக்கு பாடியின், அதாவது கிட்டாரின் உடற்பகுதியின், கனம் ஒன்றே முக்கால் இஞ்ச், அதாவது சுமார் 45 மில்லிமீட்டர். கிப்சனின் எஸ்ஜி வகை இதைவிட மெலிது. லெஸ் பால் வகை தடிமன் கூடியது, மேலே தனிப் பலகையும் ஒட்ட வேண்டும். முதல் கிட்டாருக்கு டெலியைத் தேர்ந்தெடுங்கள். வளைவு குறைவு, குடைய வேண்டிய பள்ளங்களும் குறைவு.

மரம் வெளியே தெரிய வேண்டுமா? கறுப்போ சிவப்போ அடித்து மூடப் போகிறீர்கள் என்றால் ரேகை அழகுக்குப் பணம் கொடுப்பது வீண். மூன்று துண்டு ஒட்டினாலும் யாருக்கும் தெரியாது. பாலிஷ் மட்டும் போட்டு ரேகையைக் காட்டுவது என்றால்தான் பலகையைப் புரட்டிப் புரட்டிப் பார்க்க வேண்டும்.

எவ்வளவு கனம் தோளில் தாங்கும்? கச்சேரியில் இரண்டு மணி நேரம் நின்று வாசிப்பவருக்கு மொத்தம் மூன்றரை கிலோவைத் தாண்டினால் வலி தொடங்கும். வீட்டில் உட்கார்ந்து வாசிப்பவர் நாலு கிலோவைக்கூடச் சமாளிப்பார். நெக் (கழுத்து), ட்யூனர் (கம்பி முறுக்கும் ஆணி), பிரிட்ஜ் (கம்பியைத் தாங்கும் பாலம்), பிக்கப் (கம்பியின் அசைவைப் பிடிக்கும் காந்தச் சுருள்) எல்லாம் சேர்ந்து தோராயமாக ஒன்றரை கிலோவுக்குச் சற்று மேல் வரும். மிச்சம் பாடிக்கு.

இரண்டாம் படி: அளவையும் எடையையும் கணக்குப் போடுங்கள்

ஒரு ஸ்ட்ராட் அல்லது டெலி பாடிக்கு 20 இஞ்ச் நீளம், 14 இஞ்ச் அகலம், ஒன்றே முக்கால் இஞ்ச் கனத்தில் ஒரு பலகை வேண்டும். ஒரே துண்டில் 14 இஞ்ச் அகலம் கிடைப்பது அரிது. ஏழு இஞ்ச் அகலத்தில் இரண்டு பலகையை நடுவில் ஒட்டுவதுதான் வழக்கம். சாமில்லில் அறுத்து வைத்திருக்கும் இரண்டு இஞ்ச் பலகையை எடுத்தால் இழைத்துச் சமன் செய்ய இடம் இருக்கும். கணக்குப் பார்த்தால் மொத்தம் ஒரு கன அடியில் மூன்றில் ஒரு பங்கு. மரக்கடையில் கன அடிக் கணக்கில்தான் விலை சொல்வார்கள். அதை மூன்றால் வகுத்துக்கொள்ளுங்கள். தேக்கு விலையே ஆனாலும் மூன்றில் ஒரு பங்குதான். நல்ல பிக்கப் செட் இதைவிட அதிகமாகக் கேட்கும். அதனால் மரத்தில் நூறு இருநூறு மிச்சம் பிடிக்கப் பார்த்து ஈரப் பலகையை வாங்காதீர்கள்.

எடைக்கு ஒரு சுலபமான வழி உண்டு. 20க்கு 14க்கு ஒன்றே முக்கால் அளவில் இழைத்த பலகையின் கன அளவு ஏறக்குறைய எட்டு லிட்டர். வடிவம் வெட்டி, பிக்கப் பள்ளமும் நெக் பள்ளமும் குடைந்து, ஓரங்களை உருட்டி முடித்தால் சுமார் நாலு லிட்டர் மிஞ்சும். அதாவது பலகையின் எடையில் பாதிதான் பாடியின் எடை. கடையிலேயே தொங்கு தராசில் மாட்டிப் பாருங்கள். பெட்டி எடை பார்க்கும் சின்ன டிஜிட்டல் தராசு போதும்.

ஆல்டர் கன மீட்டருக்கு சுமார் 450 கிலோ. அதனால்தான் ஆல்டர் ஸ்ட்ராட் பாடி இரண்டு கிலோவுக்குள் நிற்கிறது. மகோகனி 590 பக்கம். தேக்கு 650 பக்கம். ஈட்டி, அதாவது ரோஸ்வுட், 800-ஐத் தாண்டும். அதில் திண்மமாக ஒரு பாடி செய்தால் பாடி மட்டுமே மூன்றேகால் கிலோ. 1969 ஜனவரியில் லண்டன் மொட்டைமாடியில் பீட்டில்ஸ் வாசித்தபோது ஜார்ஜ் ஹாரிசன் கையில் இருந்தது ரோஸ்வுட் டெலிகாஸ்டர். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு ஈட்டியில் செய்ய ஆசைப்படுகிறவர்கள் முதலில் ஐந்து கிலோ அரிசிப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் நின்று பார்க்கட்டும்.

மூன்றாம் படி: மலையில் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

சில்வர் ஓக்கில் தொடங்கலாம். தேயிலைத் தோட்டத்தில் நிழலுக்கு வரிசையாக நிற்கும் மரம். கீழ்ப்பழனி மலையில் தாண்டிக்குடி, பண்ணைக்காடு பக்கம் காப்பித் தோட்டங்களில் மிளகுக்கொடி ஏறி நிற்பதும் இதே மரம்தான். ஓக் என்று பெயர் இருந்தாலும் ஓக் இனம் இல்லை, ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது. இங்கே பெரும்பாலும் பிளைவுட்டுக்கும் பெட்டிக்கும் போய்விடுகிறது, யாரும் மதிப்பதில்லை. ஆனால் மையத்திலிருந்து பட்டை நோக்கி ஆரவாட்டில் அறுத்த பலகையை இழைத்துப் பாருங்கள்: மீன் செதில் போலப் பளபளவென்று புள்ளிகள் எழும். சாதாரணமாக அறுத்த பலகையில் இது தெரியாது, அதனால் சாமில்காரரிடம் அறுக்கும் விதத்தைச் சொல்லிக் கேட்க வேண்டும். காய்ந்தபின் மகோகனி அளவு எடை, அதாவது பாடி 2.4 கிலோ பக்கம். கொஞ்சம் கனம்தான், உள்ளே குடைந்து குறைக்கலாம். இதன் தூள் சிலருக்குத் தோலில் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். முழுக்கைச் சட்டையும் மாஸ்க்கும் இல்லாமல் இதைத் தேய்க்க உட்காராதீர்கள்.

என் முதல் சிபாரிசு சந்தன வேம்பு. மகோகனிக் குடும்பத்தைச் சேர்ந்தது, செந்நிறம், அறுக்கும்போதே இனிய வாசனை வரும். மகோகனியைவிட எடை குறைவு. நல்ல பலகை கிடைத்தால் பாடி இரண்டு கிலோவை ஒட்டி நிற்கும். உளிக்கும் ரவுட்டருக்கும் (பள்ளம் குடையும் மின்கருவி) வெண்ணெயாக வழிவிடும். குறை என்னவென்றால் மென்மை. நகம் அழுத்தினால் தடம் விழும், பெல்ட் பக்கிள் பட்டால் பள்ளம். திருகு போடும் இடங்களில் கவனம் வேண்டும், அதைப் பின்னால் சொல்கிறேன்.

பிளாக்வுட்டின் கதை வேடிக்கையானது. சீகை என்று நாம் சொல்லும் வாட்டில் வகைகளோடு ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து, சோலையையும் புல்வெளியையும் பிடித்துக்கொண்ட மரங்களில் இதுவும் ஒன்று. அகற்ற வேண்டிய அந்நிய மரம் என்று இங்கே பட்டியலில் இருப்பதை, ஆஸ்திரேலியாவில் மேட்டன், கோல் கிளார்க் நிறுவனங்கள் உயர்தர அக்கூஸ்டிக் கிட்டாருக்குப் பயன்படுத்துகின்றன. ஹவாயின் கோவா மரத்துக்கு நெருங்கிய உறவு. பொன்னும் பழுப்பும் கலந்து ரேகை ஓடும். எடை 640 பக்கம் என்பதால் முழு பாடிக்குக் கனம். சந்தன வேம்பில் பாடி செய்து, மேலே ஐந்தாறு மில்லிமீட்டருக்கு பிளாக்வுட் ஒட்டினால் எடையும் அடங்கும், பார்வைக்கும் குறைவிருக்காது. என்னைக் கேட்டால் நீலகிரியில் செய்யும் கிட்டாருக்கு இதைவிடப் பொருத்தமான சேர்க்கை கிடையாது.

கற்பூர மரத்தை, அதாவது யூகலிப்டஸை, விட்டுவிடுங்கள். விறகுக் கடைக்காரர் சும்மா கொடுத்தாலும் வேண்டாம். கனம் ஒரு பக்கம். அறுத்த பிறகு முறுக்கிக்கொள்ளும், காயும்போது வெடிக்கும். நல்ல பலகை எடுப்பவர்கள் இல்லாமல் இல்லை, ஆனால் அது முதல் கிட்டாருக்கான மரம் இல்லை.

பைனும் சைப்ரஸும் எடை குறைந்தவை, பெயின்ட் அடிக்கும் கிட்டாருக்குப் போதும். பைனில் கணுக்களைத் தவிர்த்து எடுக்க வேண்டும். கணுவிலிருந்து பிசின் கசிந்து பெயின்ட்டுக்கு மேலே மஞ்சளாகத் தெரியும். 1940-களின் தொடக்கத்தில் லெஸ் பால் என்ற கிட்டார் கலைஞர் தானே செய்துகொண்ட சோதனைக் கிட்டார், நாலுக்கு நாலு பைன் கட்டையில் கம்பி கட்டியதுதான்.

நான்காம் படி: கீழே இறங்கினால் என்ன கிடைக்கும்

மேட்டுப்பாளையம், கோயம்புத்தூர் மரக்கடைகளிலும், பழனி மலைக்காரர்களுக்கு வத்தலக்குண்டு, திண்டுக்கல் பக்கமும் தேர்வு அதிகம். பண்ணைகளில் வளர்த்த மகோகனி இப்போது தமிழ்நாட்டிலேயே கிடைக்கிறது. இளம் மரமாக இருந்தால் வெள்ளைப் பகுதிதான் அதிகம் இருக்கும். வைரம் பாய்ந்த சிவப்புப் பகுதியாகப் பார்த்துக் கேளுங்கள். வீணைக்குப் பலா போடுகிறார்களே, கிட்டாருக்கு ஆகாதா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாக ஆகும். ஆனால் வீணையின் குடம் குடைந்து மெலிதாக்கியது. அதன் புகழை அப்படியே திண்மமான பாடிக்கு மாற்றி வைக்க முடியாது. எடையைப் பார்த்து எடுங்கள்.

புதியவர்களுக்கு யாரும் சொல்லாத ஒன்று ரப்பர் மரப் பலகை. கேரளத்திலிருந்து வரும் இது சூளையில் உலர்த்தி, பூச்சி மருந்து ஏற்றி, சின்னத் துண்டுகளை விரல்கோர்ப்பில் இணைத்துப் பலகையாக விற்பது. தடிமன் போதாவிட்டால் இரண்டை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டலாம். அழகு சுமார்தான். ஆனால் வாங்கின வாரத்திலேயே வேலையைத் தொடங்கலாம் என்கிற வசதி வேறெதிலும் இல்லை.

இன்னொரு வழி பழைய மரம். இடிக்கும் பங்களாக்களின் நிலை, கதவு, பழைய அலமாரி. பல வருடம் காய்ந்து அடங்கிய மரம், ஈரக் கவலை குறைவு. பிரையன் மே 1963-இல் தன் அப்பாவோடு சேர்ந்து செய்யத் தொடங்கிய கிட்டாரின் நெக், பழைய கணப்படுப்பின் சட்டத்திலிருந்து வந்தது. பூச்சித் துளைகளைத் தீக்குச்சி வைத்து அடைத்தார். குயீன் குழுவோடு உலகம் முழுக்க வாசித்தது அந்தக் கிட்டாரைத்தான். பழைய மரத்தை வாங்கினால் காந்தத்தை வைத்து ஒவ்வொரு அங்குலமும் தடவிப் பாருங்கள். உள்ளே ஒடிந்து நிற்கும் ஆணி ரவுட்டர் பிட்டை உடைக்கும், தெறித்தால் கண்ணையும் பதம் பார்க்கும். பழைய தேக்கு கிடைத்தால் எண்ணெய்ப் பசை இருக்கும். ஒட்டுவதற்குச் சற்று முன் அந்த முகத்தை அசிட்டோனால் துடைத்துவிட்டு ஒட்டுங்கள்.

ஐந்தாம் படி: ஈரம்

மலையில் கிட்டார் செய்கிறவர்கள் அதிகம் பார்க்க வேண்டிய இடம் இதுதான். ஊட்டி 2,200 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100. கூடலூர், ஊட்டிப் பக்கம் ஜூன் முதல் தென்மேற்கு மழை. குன்னூர், கோத்தகிரி, கொடைக்கானலுக்கு அக்டோபர் முதல் வடகிழக்கு மழை. மழை இல்லாத நாளில் மஞ்சு வந்து மூடும். மரம் சும்மா இருக்காது, காற்றில் உள்ள ஈரத்தோடு சேர்ந்து தானும் ஏறி இறங்கும். காற்றின் ஈரப்பதம் 80 சதவீதம் என்றால் மரத்துக்குள் ஈரம் 16 சதவீதம் பக்கம் போய் நிற்கும். 50 சதவீதம் என்றால் ஒன்பது. மழைக்காலத்துக் கோத்தகிரி ஷெட்டில் வைத்துச் செய்த கிட்டார், சென்னையில் ஏசி அறைக்குப் போனால் மரம் சுருங்கும். சுருங்கினால் நடு ஒட்டில் கோடு தெரியும், நெக் பள்ளம் இளகும், பாலிஷில் விரிசல் விடும்.

கடையில் இப்படித்தான் பேச்சு நடக்கும்.

"அண்ணே, இது காய்ஞ்ச மரமா?"

"நல்லாக் காய்ஞ்சது தம்பி. ஆறு மாசமா கெடக்கு."

"எங்கே கெடந்தது?"

"இதோ, இங்கேதான்."

இங்கேதான் என்று அவர் காட்டும் இடம், மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. அவர் பொய் சொல்லவில்லை. கதவுக்கும் ஜன்னலுக்கும் அந்தக் காய்ச்சல் போதும். உங்களுக்குப் போதாது. திறந்த வெளியில் இஞ்ச் கனத்துக்கு ஒரு வருடம் என்பது பொதுவான கணக்கு. இரண்டு இஞ்ச் பலகை, அதுவும் மலைக் குளிரில் என்றால் இன்னும் மெதுவாகவே காயும். பச்சை மரத்தை வாங்கி ஆறு மாதத்தில் கிட்டார் செய்யலாம் என்று திட்டம் போடாதீர்கள்.

ஈரமானி வைத்திருந்தால் பலகையின் முனையில் குத்திப் பார்க்காதீர்கள், முனை எப்போதும் முதலில் காய்ந்திருக்கும். நடுப்பகுதியில், முடிந்தால் புதிதாக அறுத்த முகத்தில் குத்துங்கள். ஈரமானி இல்லையா, சமையலறைத் தராசும் ஓவனும் போதும். பலகையின் முனையிலிருந்து ஓர் அடி தள்ளி ஒரு சின்னத் துண்டு வெட்டி எடை போடுங்கள். ஓவனில் 100 முதல் 105 டிகிரிக்குள் வைத்து, எடை இனிக் குறையவில்லை என்று ஆகும்வரை காய வையுங்கள். 57 கிராம் இருந்தது 50 கிராமில் நின்றால், போன ஏழு கிராமை ஐம்பதால் வகுக்க வேண்டும்: 14 சதவீதம். நமக்கு வேண்டியது எட்டிலிருந்து பத்து. ஓவன் பக்கத்திலேயே இருங்கள். கருகுகிற வாசனை வந்தால் கணக்கும் கெட்டது, சமையலறையில் பேச்சும் விழும்.

14-ஐப் பத்துக்குக் கொண்டுவருவது எப்படி? பலகையைத் தேவையைவிட அரை இஞ்ச் கூடுதலாக வெட்டி, இரண்டு முனையிலும் மெழுகோ பழைய பெயின்ட்டோ தடவுங்கள்; முனை வழியாக ஈரம் வேகமாக வெளியேறினால் வெடிப்பு விழும். அடுக்கும்போது நடுவில் ஓர் அடிக்கு ஒரு ரீப்பர் துண்டு வைத்துக் காற்றோட்டம் விடுங்கள். ஜனவரி முதல் மார்ச் வரை மலையில் காற்று வறண்டிருக்கும். தகரக் கூரை வீட்டுப் பரண் அப்போது நல்ல உலர்த்தும் அறை. அதைவிட நல்ல வழி, கோயம்புத்தூரிலோ மதுரையிலோ சொந்தக்காரர் வீடு இருந்தால் ஒரு கோடைகாலம் அவர்கள் கட்டிலுக்கடியில் போட்டு வைப்பது. பலகையிலேயே பென்சிலால் தேதியும் எடையும் எழுதுங்கள். சில வாரத்துக்கு ஒருமுறை எடை போட்டு அடுத்த வரியில் எழுதுங்கள். எடை நின்ற பிறகுதான் வெட்டுவதைப் பற்றி யோசிக்க வேண்டும். வெயிலில் நேராகப் போட்டுச் சீக்கிரம் காய வைக்கிறேன் என்று மட்டும் இறங்காதீர்கள். மேல்முகம் காய்ந்து உள்ளே ஈரம் நின்றால் பலகை வளையும்.

ஆறாம் படி: பலகையைக் கையில் எடுத்துப் பாருங்கள்

தொங்கு தராசு, டேப், நேர்க்கோல், ஒரு சின்ன இழைப்புளி, ஈரத் துணி எடுத்துக்கொண்டு போங்கள். முதலில் முனையைப் பாருங்கள். வளையங்கள் எப்படி ஓடுகின்றன, மரத்தின் நடுப்புள்ளி பலகைக்குள் இருக்கிறதா? இருந்தால் வேண்டாம், அங்கிருந்துதான் வெடிப்பு கிளம்பும். வளையங்கள் பலகை முகத்துக்குச் செங்குத்தாக நின்றால் அசைவு குறைவு. படுத்திருந்தால் அதிகம், கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. பாடிக்கு இரண்டும் ஆகும், ஆனால் ஒட்டும் இரண்டு துண்டும் ஒரே விதமாக இருக்கட்டும். ஒரே பலகையிலிருந்து அடுத்தடுத்து வெட்டினால் நிறமும் ரேகையும் சேர்ந்துவரும்.

கண்ணை மட்டம் வைத்து நீளவாக்கில் பாருங்கள். லேசான வளைவு இழைப்பில் போய்விடும், முறுக்கு போகாது. ஓர் ஓரத்தை இழைப்புளியால் நாலு தள்ளு தள்ளி ஈரத் துணியால் துடைத்தால் பாலிஷ் போட்டபின் எப்படி இருக்கும் என்று அப்போதே தெரியும். குண்டூசித் தலை அளவு துளைகள் இருந்தால் பலகையைத் தட்டுங்கள். மாவு போலப் புதுத் தூள் கொட்டினால் வண்டு இன்னும் உள்ளே இருக்கிறது. அதை வீட்டுக்குள்ளேயே கொண்டுவராதீர்கள்.

பலகையைக் காதில் வைத்துத் தட்டி, நாதம் கேட்டுத் தேர்ந்தெடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். அக்கூஸ்டிக் கிட்டாரின் மேற்பலகைக்கு அது சரி. எலக்ட்ரிக்கில் பிக்கப் பிடிப்பது காந்தப் புலத்தில் எஃகுக் கம்பியின் அசைவைத்தான். மரம் கம்பியின் அதிர்வை ஓரளவு மாற்றலாம். ஆனால் பிக்கப்பை ஒரு திருகு மேலே ஏற்றினாலே அதைவிடப் பெரிய மாற்றம் காதில் விழும். தட்டும்போது கரகரத்தால் உள்ளே விரிசல் இருக்கிறது என்று அர்த்தம். அதற்காகத் தட்டுங்கள், போதும்.

ஏழாம் படி: பில் வாங்குங்கள்

மலையில் மரம் வெட்ட சட்டம் உண்டு: தமிழ்நாடு மலைப்பகுதி (மரங்கள் பாதுகாப்பு) சட்டம், 1955. சொந்தப் பட்டா நிலத்து மரமானாலும் அனுமதி இல்லாமல் வெட்டக் கூடாது. தோட்டக்காரர் தெரிந்தவர் என்பதற்காக ஒரு சில்வர் ஓக்கைச் சாய்த்துத் தரச் சொல்லாதீர்கள். காட்டில் விழுந்து கிடப்பதும் உங்களுடையது இல்லை, அது அகற்ற வேண்டிய சீகையாகவே இருந்தாலும். சோலை மரங்கள் பக்கம் போகவே வேண்டாம். ஈட்டியில் விரல்பலகையோ மேற்பலகையோ போட ஆசை என்றால் உரிமம் உள்ள கடையில் பில்லோடு வாங்குங்கள். 2017 முதல் ஈட்டி இனம் முழுவதும் (முதல் பட்டியலில் உள்ள பிரேசில் ரோஸ்வுட் தவிர), அருகிவரும் உயிரினங்களின் பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டிஸ் ஒப்பந்தத்தின் இரண்டாம் பட்டியலில் உள்ளது. 2019 முடிவிலிருந்து இரண்டாம் பட்டியல் மரத்தில் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கு விலக்கு உண்டு. பலகையாக வெளிநாட்டுக்கு அனுப்ப நினைத்தால் சிக்கல்.

எந்த மரத்தை மலையிலிருந்து இறக்க அனுமதிச் சீட்டு வேண்டும் என்பதை வனச்சரக அலுவலகத்தில் முன்பே கேட்டுக்கொள்ளுங்கள். சோதனைச் சாவடியில் பலகையைக் காட்டி "கிட்டாருக்கு சார்" என்று சொன்னால் சிரிப்பார்கள், ஆனால் பில்லையும் கேட்பார்கள்.

எட்டாம் படி: ஒட்டி, வெட்டுவதற்கு முன்

நடு ஒட்டின் இரண்டு ஓரமும் ஒளி புகாமல் சேர வேண்டும். ஜன்னல் பக்கம் பிடித்துப் பார்த்து, வெளிச்சம் கசிகிற இடத்தை இழையுங்கள். கிளாம்ப் போட்டு இறுக்கினால் சேர்ந்துவிடும் என்று விடக் கூடாது. சாதாரண வெள்ளைப் பசையைவிட ஈரம் தாங்கும் மர ஒட்டுப் பசை நல்லது. ஒட்டிய பலகையை ஒரு வாரமாவது விடுங்கள். பசையில் இருந்த ஈரம் ஒட்டின் ஓரத்தை லேசாக உப்ப வைத்திருக்கும், அது அடங்கும் முன் இழைத்தால் பிறகு பள்ளமாகத் தெரியும்.

எடை இன்னும் கூடுதலாகத் தெரிந்தால், மேற்பலகை ஒட்டும் முன் உள்ளே குடைவதுதான் வழி. எடை குறைந்த ஆஷ் கிடைக்காமல் போனபோது ஃபெண்டர் நிறுவனமும் 1968-இல் டெலிகாஸ்டர் தின்லைனை உள்ளே குடைந்துதான் செய்தது. பிரிட்ஜுக்குக் கீழேயும் நெக் திருகுகள் வரும் இடத்திலும் முழு மரத்தை விட்டுவிடுங்கள். ரொம்பவும் குடைந்து பாடி பஞ்சு மாதிரி ஆனால் நெக் கீழே சாயும், இடது கை அதைத் தாங்கிக்கொண்டே வாசிக்க வேண்டியிருக்கும்.

சந்தன வேம்பு, பைன் மாதிரி மென்மையான மரத்தில் திருகுக்குச் சரியான அளவில் முன்துளை போட்டு, முதலில் ஒருமுறை திருகி எடுத்து, துளைக்குள் மெல்லிய சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு நன்றாகக் காய்ந்தபின் மறுபடி திருகினால் பிடி உறுதியாக இருக்கும். தோள்பட்டையை மாட்டும் ஸ்ட்ராப் பட்டனுக்கு நீளமான திருகு போடுங்கள்.

பாலிஷைப் பற்றி மலைக்காரர்களுக்கு ஒன்றே ஒன்று. மஞ்சு இறங்கிய நாளில் என்.சி. லேக்கரோ ஸ்பிரிட் பாலிஷோ அடிக்காதீர்கள். கரைப்பான் வேகமாக ஆவியாகும்போது மேற்பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரத்தைப் பிடிக்கும், பால் ஊற்றியதுபோல் வெளுத்துவிடும். காலை பத்து மணிக்குமேல் வெயில் ஏறியபின் அடியுங்கள். முன்னும் பின்னும் ஒரே எண்ணிக்கையில் அடியுங்கள்; பிக்கப் பள்ளத்துக்குள்ளும் நெக் பள்ளத்துச் சுவரிலும் ஒரு கோட்டாவது அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத இடம் என்று விட்டால் அங்கிருந்துதான் அடுத்த மழைக்காலத்தில் ஈரம் ஏறும்.